பத்திரமும் ஊர்ப்பெயரும்

பாறசாலையை அடுத்த எல்லைச் சிற்றூர் என்னுடையது. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. எங்கள் நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆயினும் பாட்டன்மாரின் தமிழ்ப் பத்திரங்கள் எங்கள் பெட்டிகளில் உறங்குகின்றன. அவற்றைப் படமெடுத்து, கவுச்டிபி என்னும் தரவுத்தளத்தில் சேர்த்து வருகிறேன்.

அத்தளம் ஆவணங்களை ஜேசன் என்னும் எழுத்து வடிவில் வைக்கும். படமோ எழுத்தன்று. பேஸ்64 முறையில் அதை எழுத்தாக்கலாம். ஆனால் மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்துச் செலவு. 3 மெகாபைட் படம் 4 ஆகிவிடும்! எனவே, படத்தை உள்ளபடியே இணைப்பாக அனுப்புவதே சிக்கனம். பிறகு ஆவணத்தைக் கேட்டால், படத்திற்குப் பதில் அதன் பெயர், வகை, அளவு கூறும் ‘ஸ்டப்’ என்னும் குறிப்பு வரும்.

ஒருநாள் ஊர்ப்பெயர் ஒன்றைத் திருத்தினேன். அக்குறிப்பைச் சேர்க்காமலே சேமித்தேன். புதிய பதிப்பில் பத்திரம் இல்லை! குறிப்பு இல்லையேல் இணைப்பு வேண்டாம் என்பதே தளத்தின் பொருள். பழைய பதிப்பு அழியாதிருந்ததால் மீட்டேன். தளத்தைச் சுருக்கியிருந்தால் மீளாது.

நண்பர்களே, திருத்தும்போதெல்லாம் குறிப்பையும் சேர்த்தே அனுப்புங்கள். பத்திரத்தைப் பிரிந்த ஊர்ப்பெயர் வெறுஞ்சொல். ஊர்ப்பெயரைப் பிரிந்த பத்திரம் வெறுந்தாள்.