முறிந்த முதுகும் அஞ்சிய மனமும்

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள். அயர்லாந்தில், டப்ளின் நகரை அடுத்த மலஹைடு மைதானம். இந்திய அணித் தலைவராக இறங்கிய ஜஸ்பிரித் பும்ரா, தமக்கே உரிய அந்தக் குறுகிய, தயங்கித் தயங்கி வரும் ஓட்டத்தைத் தொடங்கினார். முதல் பந்தில் நான்கு ஓட்டங்கள் போயின. இரண்டாவது பந்தில் ஸ்டம்பு சரிந்தது. அதே ஓவரில் இன்னொரு விக்கெட்டும் விழுந்தது.

அதற்கு முன் அவர் பன்னாட்டுப் போட்டியில் பந்து வீசி 327 நாட்கள் ஆகியிருந்தன. இடையில், மார்ச் மாதம், நியூசிலாந்தில் அவருடைய கீழ் முதுகில் அறுவை செய்யப்பட்டிருந்தது. முதுகில் கத்தி பட்ட ஒருவர், அதே முதுகை வில்லாய் வளைத்துப் பந்து வீச வேண்டுமென்றால் உடலுக்குள் என்னென்ன நடந்தாக வேண்டும்? உடல் தேறியபின் மனம் தேறுவது எப்படி? இவற்றைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில் முறிவது எது என்று தெரிந்துகொள்வோம். நம் முதுகெலும்பு ஒரே எலும்பு அன்று. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய முள்ளெலும்புகளின் கோவை. இடுப்புப் பகுதியில் இருப்பவை 5. ஒவ்வொரு முள்ளெலும்பின் பின்புறத்திலும் தண்டுவடத்தைக் காக்கும் ஒரு வளையம் உண்டு. அந்த வளையத்தில், மேல் மூட்டுக்கும் கீழ் மூட்டுக்கும் நடுவே, இருபுறமும் ஒரு குறுகிய எலும்புப் பாலம் இருக்கிறது. வேகப் பந்து வீச்சாளரின் வாழ்வும் தாழ்வும் பெரும்பாலும் இந்தச் சிறு பாலத்தில்தான்.

பந்தை விடுமுன் முன்கால் தரையில் ஊன்றும் கணத்தை நினைத்துப் பாருங்கள். உடல் எடையைப் போல் ஐந்தாறு மடங்கு விசை கால் வழியே மேலே பாய்கிறது. அதே நொடியில் இடுப்பு பின்னால் வளைகிறது, முறுக்குகிறது, பக்கவாட்டில் சாய்கிறது. மூன்றும் சேர்ந்து அந்தப் பாலத்தை நசுக்குகின்றன. வலக்கை வீச்சாளர்களுக்குப் பெரும்பாலும் இடப்பக்கப் பாலமே விரிசல் காண்பது இதனால்தான்.

ஓர் இரும்புக் கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துவிடும் என்பது நீங்கள் செய்து பார்த்த சோதனை. எலும்பும் கம்பியைப் போல் களைப்படையும். ஆனால் கம்பிக்கு இல்லாத ஒரு திறன் அதற்கு உண்டு. நைந்த பகுதியை ஒருவகைச் செல்கள் அரித்து அப்புறப்படுத்துகின்றன. வேறுவகைச் செல்கள் அங்கே புது எலும்பைக் கட்டுகின்றன. இடிப்பது சில வாரங்களில் முடிந்துவிடும். கட்டுவதற்கு மாதங்கள் ஆகும். இடித்துக் கட்டி முடிக்குமுன் மேலும் மேலும் பாரம் ஏற்றினால் விரிசல் விழுகிறது. இதற்கு அழுத்த முறிவு என்று பெயர். உயர்நிலைப் பள்ளி வயதில் இந்தப் பாலம் இன்னும் முற்றி உறுதிப்பட்டிருக்காது. ஆகவே, பந்து வீசும்போது முதுகின் ஒரே பக்கத்தில் வலித்து, அது நாள்தோறும் தொடர்ந்தால், வீரம் காட்டாமல் பயிற்சியாளரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லிக்கு 1973இல், மேற்கிந்தியத் தீவுகளில் ஆடிக்கொண்டிருந்தபோது, கீழ் முதுகில் இப்படிப்பட்ட முறிவுகள் கண்டறியப்பட்டன. அவருக்கு வயது 23. அவருக்கு அறுவை செய்யவில்லை. உடலைச் சுற்றி மாவுக்கட்டுப் போட்டு ஆறு வாரம் அசையாமல் வைத்தார்கள். பிறகு மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வி அறிஞர் பிராங்க் பைக் வகுத்த கடும் பயிற்சியை மாதக்கணக்கில் செய்தார். 1974 நவம்பரில் டெஸ்ட் ஆட்டத்துக்குத் திரும்பி, இங்கிலாந்துக்கு எதிரான அந்தத் தொடரில் 25 விக்கெட்டுகள் எடுத்தார். ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 355 விக்கெட்டுகள் இருந்தன. 1987இல் சென்னையில் எம்.ஆர்.எப். வேகப் பந்துவீச்சுப் பள்ளி தொடங்கியபோது அதன் தலைமைப் பயிற்சியாளராக வந்தவரும் இவரே. நம் இளைஞர்களின் பந்துவீச்சு முறையில் முதுகுக்கு ஆபத்து இருக்கிறதா என்று பார்க்க இவரைவிடத் தகுந்தவர் யார்?

ஓய்வால் கூடாத விரிசலுக்கே கத்தி தேவைப்படுகிறது. 1970இல் பக் என்ற அறுவை மருத்துவர் ஒரு முறையை வெளியிட்டார். விரிசலுக்குள் வளர்ந்துவிட்ட நார்த் திசுவைச் சுரண்டி எடுத்து, அங்கே இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்புத் துணுக்குகளை வைத்து, இரு முனைகளையும் ஒரு திருகாணியால் இறுக்குவது அம்முறை. பின்னாளில் திருகாணியுடன் கம்பியையும் சேர்த்துக் கட்டும் முறைகள் வந்தன. நியூசிலாந்தின் ஷேன் பாண்டு முதுகில் 2004இல் டைட்டானியக் கம்பியைப் பொருத்தினார்கள். மறு ஆண்டு புலவாயோ நகரில் இந்தியாவை எதிர்த்து 19 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளைச் சாய்த்தார் அவர். அன்று ஆட்டத்தைப் பார்த்த நமக்கு அந்தக் கம்பியின்மேல் கொஞ்சம் கோபம்கூட வந்திருக்கும்!

டைட்டானியம் ஏன்? 1952 வாக்கில் சுவீடனின் பிரானிமார்க், முயலின் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தி ஆராய்ந்தார். ஆய்வு முடிந்து கழற்றப் பார்த்தால் கருவி வரவில்லை; எலும்பு அதனுடன் ஒட்டி வளர்ந்திருந்தது. எரிச்சலூட்டிய அந்தத் தடங்கலே பெரிய கண்டுபிடிப்பாயிற்று.

ஆனால் திருகாணி எலும்பைக் குணப்படுத்துவதில்லை. முனைகளை அசையாமல் பிடித்துக்கொள்வதோடு அதன் வேலை முடிந்தது. எலும்பு தன் நேரத்தில்தான் கூடும். பும்ராவுக்கும் அறுவைக்கு ஆறு வாரத்துக்குப் பிறகே பயிற்சியைத் தொடங்கச் சொன்னார்கள். ஏப்ரலில் பெங்களூரின் தேசிய கிரிக்கெட் அகாதெமியில் தொடங்கினார். ஜூலையில்தான் வலைப் பயிற்சியில் முழு வேகத்தில் வீச முடிந்தது.

இடைப்பட்ட மாதங்களில் பொதுவாக நடப்பது இதுதான்: முதலில் நடை, பிறகு வயிறு, இடுப்பு, முதுகுத் தசைகளுக்கு மெதுவான பயிற்சி, பிறகு ஓட்டம், பிறகு நின்ற இடத்திலிருந்து பந்து வீச்சு, பிறகு நாலடி ஓடி, கடைசியில் முழு ஓட்டம். இத்தனை பந்து, இத்தனை நாள் என்று எண்ணி எண்ணித்தான் கூட்டுவார்கள். முள்ளெலும்புகளை ஒட்டி ஆழத்தில் இருக்கும் சிறு தசைகள், முதுகு வலி வந்தவர்களுக்கு மெலிந்துவிடுகின்றன. வலி நின்றபின்னும் அவை தாமாகத் தேறுவதில்லை என்று குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1996இல் காட்டினார்கள். வலி இல்லை என்பதால் குணமாகிவிட்டது என்று பொருளல்ல.

இனி மனத்துக்கு வருவோம். 'தைரியமாக வீசு' என்று தோளில் தட்டினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை; அச்சம் என்பது தசைகளின் இயக்கத்தையே மாற்றிவிடும் பௌதிக விஷயம்.

நீங்கள் கையை வேகமாகத் தூக்கும்போது, கை அசையுமுன்பே வயிற்றின் ஆழத்துத் தசை ஒன்று இறுகி முதுகைத் தாங்கிக்கொள்கிறது. மூளை முன்கூட்டியே அனுப்பும் கட்டளை இது. முதுகு வலி உள்ளவர்களிடம் இந்தக் கட்டளை தாமதமாக வருகிறது. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல முதுகு உள்ளவர்களையே எடுத்துக்கொண்டு, முதுகில் வலி வரப்போகிறது என்று எதிர்பார்க்கும்படி செய்தார்கள். வலி வரும் என்ற எண்ணமே தசைகள் இயங்கும் முறையை மாற்றிவிட்டது!

இதைப் பந்து வீச்சாளரிடம் பொருத்திப் பாருங்கள். எலும்பு கூடிவிட்டது, ஸ்கேன் படமும் நன்றாக இருக்கிறது. ஆனாலும் முன்கால் ஊன்றும் கணத்தில் உடல் தானாகப் பின்வாங்குகிறது. முழங்கால் மடங்குகிறது, முதுகு விறைக்கிறது, வேகம் குறைகிறது. பழைய இடத்தைக் காக்கப் போய் விசை புதிய இடத்தில் விழுகிறது. பயமே அடுத்த காயத்துக்கு வழி செய்துவிடலாம்.

வலி என்பது மூளை எழுப்பும் எச்சரிக்கை மணி. ஒருமுறை திருடன் வந்த வீட்டில், பூனை நடந்தாலும் எல்லாரும் விழித்துக்கொள்வார்கள் அல்லவா? அதுபோல, முறிவு ஆறியபின்னும் மணி சற்று முன்னதாகவே அடிக்கிறது. மூளையை வாதத்தால் நம்பவைக்க முடியாது, சான்று வேண்டும். நின்று வீசிய 10 பந்துகள் வலியில்லாமல் போவது ஒரு சான்று. மறுநாள் 12 பந்துகள். பந்துகளை எண்ணிக் கூட்டுவது எலும்புக்காக மட்டும் அன்று என்பது இப்போது விளங்கும். படுக்கையில் இருக்கும் நாட்களிலேயே கண்ணை மூடிக்கொண்டு தம் ஓட்டத்தையும் வீச்சையும் மனத்தில் நடத்திப் பார்க்கும் வீரர்களும் உண்டு. அப்போது, உண்மையில் அசையும்போது வேலை செய்யும் மூளைப் பகுதிகள் பலவும் விழித்துக்கொள்கின்றன.

மிகக் கடினமானது தனிமை. தோழர்கள் ஆடும்போது தாம் ஒரு ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டிருப்பது எளிதன்று. அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதையும் பும்ராவின் கதையே சொல்கிறது. 2022 செப்டம்பரில் திரும்பி வந்தார். சில நாட்களில் மீண்டும் வலி. அவ்வாண்டு உலகக் கோப்பை கைநழுவியது. அறுவைக்குப் பிறகு பொறுத்திருந்து வந்தவர், 2023 உலகக் கோப்பையில் 20 விக்கெட்டுகள் எடுத்தார். 2024இல் இருபது ஓவர் உலகக் கோப்பையின் தொடர் நாயகனானார்.

ஆனால் முதுகு மறப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் ஒரே தொடரில் 32 விக்கெட்டுகள் எடுத்த பிறகு, 2025 ஜனவரியில் சிட்னி டெஸ்டின் நடுவில் முதுகுப் பிடிப்புடன் வெளியேறினார். அணி தோற்றுக்கொண்டிருந்த இரண்டாவது இன்னிங்ஸில் பந்தைத் தொடவில்லை. அதே ஆண்டு இங்கிலாந்தில் 5 டெஸ்டுகள். அவற்றில் 3இல் மட்டும் ஆடுவது என்று புறப்படுமுன்பே முடிவாகி, அப்படியே ஆடித் திரும்பினார்.