தொங்குபடுக்கையைத் தாங்கும் நாடாவும் கொக்கியும்

கரீபியன் தீவுகளின் பழங்குடியினர் பருத்தி நூலால் பின்னிய வலைப்படுக்கைகளில் உறங்குவதை, 1492-இல் அங்கு வந்திறங்கிய கொலம்பசும் அவருடைய மாலுமிகளும் கண்டனர். பின்னர் ஐரோப்பியக் கப்பல்களில் மாலுமிகளின் உறங்குமிடமாக மாறிய அந்தப் படுக்கை, மெக்சிகோவின் யுகடான் பகுதியிலும் பிரேசிலின் வட மாநிலங்களிலும் இன்றுவரை வீட்டுச் சுவரில் பதித்த கொக்கிகளில் அன்றாடம் கட்டப்படுகிறது. காட்டுப் பாதைகளில் நெடுந்தொலைவு நடப்போர் முதுகுப்பையில் மடித்து எடுத்துச்செல்லும் முகாம் தொங்குபடுக்கையும் இந்த மரபில் வந்ததுதான் என்றாலும், அதைத் தாங்குவது சுவரோ விட்டமோ அல்ல, உயிருள்ள மரம் என்பதால் அதன் சிக்கல்கள் வேறானவை. விற்பனையாளரும் வாங்குவோரும் படுக்கைத் துணியின் நிறத்தையும் எடையையும் பற்றியே பேசுவது வழக்கம். ஆனால் படுப்பவரின் முதுகெலும்பும் மரத்தின் உயிரும் துணியை விடவும் அதன் இரு முனைகளை மரத்தோடு இணைக்கும் நாடாக்களையும் கொக்கிகளையுமே நம்பியிருக்கின்றன.

அமெரிக்காவின் அப்பலாச்சியன் நடைபாதை, ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, 14 மாநிலங்களைக் கடந்து, மெயின் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடியும் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளமுள்ள காட்டுவழி. பாறையும் வேரும் சரிவும் ஈரமும் மிகுந்த அந்த நிலத்தில் கூடாரம் விரிக்கச் சமமான இடம் தேடுவது கடினம், மரங்களுக்கோ பஞ்சமில்லை. ஆகவேதான் அங்கே நடப்போரில் பலர் கூடாரத்தை விட்டுத் தொங்குபடுக்கைக்கு மாறினர். எனினும், ஆண்டுதோறும் பெருந்தொகையானோர் அதே முகாம்களில் தங்கி, வசதியான இடைவெளியில் நிற்கும் அதே இரு மரங்களையே தேர்ந்தெடுக்கும்போது, ஒருவர் ஓரிரவு கட்டும் கயிற்றால் நேரும் சிறு காயம் மீண்டும் மீண்டும் அதே உயரத்தில் விழுந்து பெருங்காயமாகிறது.

மரத்தின் வெளிப்பட்டைக்குச் சற்று உள்ளே, இலைகளில் உருவாகும் உணவை வேர்வரை கொண்டுசெல்லும் ஃபுளோயம் என்ற திசுவும், அதற்கும் உள்ளே கேம்பியம் எனப்படும் மிக மெல்லிய வளர்திசுவும் இருக்கின்றன. மரம் பருப்பதற்கான புதிய உயிரணுக்கள் எல்லாம் இந்தக் கேம்பியத்தில்தான் பிறக்கின்றன. ஒல்லியான கயிறு பட்டையை அழுத்தி இந்த அடுக்குகளை நசுக்குமானால், அந்த இடத்தில் உணவோட்டம் தடைப்படுகிறது. காயம் மரத்தைச் சுற்றி முழு வளையமாகிவிட்டால் வேர்கள் பட்டினியாகி மரமே மடிந்துபோகும். வசந்த காலத்தில் கேம்பியம் சுறுசுறுப்பாக வளரும்போது பட்டை எளிதில் கழன்றுவரும் நிலையில் இருப்பதால் அப்போது கூடுதல் கவனம் வேண்டும். பீச், பிர்ச் போன்ற மெல்லிய பட்டையுடைய மரங்கள் எந்தப் பருவத்திலும் எளிதில் காயப்படுபவை. மரத்தில் ஆணி அறைவதும் திருகுக்கொக்கி செருகுவதும் இதனினும் கொடியவை. அவற்றுக்கு எந்த நியாயமும் இல்லை.

நாடாவின் அகலம் ஏன் இத்தனை முக்கியம் என்பதைச் சிறு கணக்கு ஒன்று தெளிவாக்கும். மரத்தைச் சுற்றிச் சுருக்கிட்ட கட்டு 80 கிலோ விசையுடன் இழுக்கப்படுகிறது என்றும், மரத்தின் விட்டம் 30 செ.மீ. என்றும் கொண்டால், 5 மி.மீ. தடிமனுள்ள கயிறு பட்டையின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் தோராயமாக 10 கிலோவுக்கு மேற்பட்ட விசையால் அழுத்தும், 25 மி.மீ. அகல நாடா அதே இடத்தில் 2 கிலோவுக்குச் சற்று மேலான அழுத்தத்தையும், 50 மி.மீ. நாடா 1 கிலோ அளவையும்தான் தரும். இந்த அழுத்தம் மரத்தின் பருமனுக்கு எதிர்விகிதத்தில் மாறுவது என்பதால், 15 செ.மீ. விட்டமுள்ள மரத்தில் அதே நாடா இருமடங்கு அழுத்துகிறது என்பதைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை: மெலிந்த மரம் வலுவில் மட்டுமன்றி வலியைத் தாங்குவதிலும் பின்தங்கியது. குறைந்தது 19 மி.மீ., இயன்றால் 25 மி.மீ. அகலமுள்ள நாடா என்று தொங்குபடுக்கை பயன்படுத்துவோர் பொதுவாக வகுத்துக்கொண்டிருக்கும் வரம்பு இத்தகைய கணக்கோடு பொருந்துகிறது. சில பூங்காக்கள் 50 மி.மீ. நாடாவைக் கட்டாயமாக்கியுள்ளன. நாடாவை மரத்தைச் சுற்றி இரண்டு மூன்று முறை சுற்றிவிட்டுக் கட்டினால் பட்டையைத் தொடும் பரப்பு கூடுவதோடு, உராய்வு மிகுந்து, நாடா கீழே வழுக்கிப் பட்டையைத் தேய்ப்பதும் குறைகிறது.

இனி இழுவிசை, அதாவது நாடாவின் நெடுகிலும் செயல்படும் இழுக்கும் விசை. குழந்தையின் தூளி ஒரே விட்டத்திலிருந்து தொங்குவதால் அதன் இரு பக்கமும் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கின்றன. ஒவ்வொரு பக்கமும் எடையில் பாதியைச் சுமந்தால் போதும். இரு மரங்களுக்கு நடுவே கட்டும் படுக்கையில் நாடாக்கள் சாய்ந்து நிற்கின்றன. சாய்வு கிடைமட்டத்தை நெருங்க நெருங்க, அதே எடையைத் தாங்க நாடா பன்மடங்கு இழுபட வேண்டியிருக்கிறது. 80 கிலோ எடையுள்ள ஒருவர் படுத்திருக்கையில், நாடா கிடைமட்டத்தோடு 45 பாகை கோணத்தில் இருந்தால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 57 கிலோ விசையைத் தாங்கும். 30 பாகையில் அது சரியாக 80 கிலோ. 10 பாகையில் 230 கிலோ. 5 பாகையில் ஏறத்தாழ 460 கிலோ. படுக்கை தொய்வின்றித் தட்டையாக இருக்க வேண்டும் என்று எண்ணி நாடாவை முறுக்கி இழுத்துக் கட்டுபவர், தம் எடையைப்போல் ஆறு மடங்கு விசையை மெல்லிய ஒரு தையலின் மீது ஏற்றுகிறார். இறுக்கமே பாதுகாப்பு என்ற எண்ணம் இத்துறையில் மிகப் பரவலானது, மிக அபாயமானதும் அதுதான்.

ஆகவே 30 பாகை என்பது அனுபவத்தால் நிலைபெற்ற அளவாயிற்று. சுட்டுவிரலைக் கிடையாகவும் கட்டைவிரலை அதற்குச் செங்குத்தாகவும் நீட்டி, இரு விரல்நுனிகளையும் இணைக்கும் கற்பனைக்கோட்டோடு நாடா ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் இந்தக் கோணத்தைக் கிட்டத்தட்டக் கண்டறியலாம். ஒவ்வொரு முறையும் ஒரே தொய்வு அமைய வேண்டுமென விரும்புவோர், படுக்கையின் இரு முனைகளுக்கும் இடையே நீளாத தன்மையுள்ள மெல்லிய கயிறு ஒன்றை நிலையாகக் கட்டிவைக்கின்றனர்; முகட்டுக்கயிறு என்று சொல்லத்தக்க இது வழக்கமாகப் படுக்கை நீளத்தில் 83 விழுக்காடு அளவில் அமைகிறது, அதாவது 335 செ.மீ. நீளமுள்ள படுக்கைக்கு 278 செ.மீ. இதனால் மரங்களுக்கு இடையேயான தொலைவு மாறினாலும் துணியின் வளைவு மாறுவதில்லை; படுப்பவர் நடுக்கோட்டிலிருந்து சற்றுக் குறுக்காகப் படுத்தால், முதுகு வளையாமல் ஏறக்குறைய நேராகவே அமைகிறது. இத்தகைய படுக்கையை 4.5 மீட்டர் இடைவெளியில் நிற்கும் மரங்களில், அமரும்போது தரையிலிருந்து 45 செ.மீ. உயரம் இருக்கும்படி கட்ட, நாடாவை மரத்தில் ஏறத்தாழ 1.8 மீட்டர் உயரத்தில் சுற்ற வேண்டியிருக்கும். 45 செ.மீ. என்பது நாற்காலியின் உயரம். அதற்கு மேல் தொங்குவது அழகாகத் தோன்றலாம், ஆனால் கட்டு அவிழ்ந்தால் விழும் தொலைவும் கூடும்.

நாடாவின் இழையைப் பொறுத்தவரை தெரிவு எளிது. நைலான் வலுவானதுதான், ஆனால் சுமையில் நீளும் இயல்புடையது, நனைந்தால் மேலும் நீளும். இரவில் நல்ல உயரத்தில் படுத்தவர் விடியலில் தரையைத் தொட்டுக்கொண்டிருப்பதற்கு அதுவே காரணம். பாலிபுரோப்பிலீன் மலிவானது, வெயிலில் விரைவில் நைந்துபோவது. குறைவாக நீளும் பாலியெஸ்டரே பெரும்பாலானோருக்கு ஏற்றது. டைனீமா போன்ற வணிகப்பெயர்களில் கிடைக்கும், மிக நீண்ட மூலக்கூறுகளைக் கொண்ட பாலிஎத்திலீன் இழை, எடைக்கு எடை எஃகைவிடப் பன்மடங்கு வலுவானது. ஆயினும் சுமார் 145 பாகை செல்சியசிலேயே உருகிவிடும், முடிச்சிட்டால் வழுக்கும். ஆகவே அதை முடிச்சிடாமல், கயிற்றின் முனையை அதே கயிற்றின் உள்ளீடற்ற நடுவே செருகிக் கண்ணியாக்குகின்றனர். இழுபடும்போது வெளிக்கயிறு சுருங்கி உட்கயிற்றை இறுகப் பிடித்துக்கொள்கிறது. ஊப்பி ஸ்லிங் எனப்படும் நீளம் மாற்றத்தக்க கயிறு இந்த உத்தியாலேயே இயங்குகிறது. சில கிராம் எடையில் அமையும் அது சிறந்த படைப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் செருகிய பகுதிக்கென்று ஒரு நீளம் தேவைப்படுவதால் ஓர் அளவுக்குக் கீழே அதைச் சுருக்க முடியாது, மரங்கள் நெருக்கமாக நிற்குமிடத்தில் அது உதவாது. அது மிக ஒல்லியானது என்பதால் மரத்தை நேரடியாகச் சுற்றவும் கூடாது. மரத்தைச் சுற்ற எப்போதும் அகல நாடா ஒன்று வேண்டும்.

நாடாவையும் படுக்கையையும் இணைக்கும் முறைகளில் தொடக்கநிலையினருக்கு ஏற்றது, வரிசையாகக் கண்ணிகள் தைக்கப்பட்ட நாடா: வேண்டிய கண்ணியில் கொக்கியை மாட்டினால் வேலை முடிந்தது. அது சற்றுக் கனமானது, நீளத்தைக் கண்ணிக்குக் கண்ணி மட்டுமே மாற்ற முடியும் என்பன அதன் குறைகள். நாடாவைக் கவ்விப்பிடிக்கும் உலோகப் பக்கிளில் விரும்பிய நீளத்துக்கு இழுத்து நிறுத்தலாம். ஆனால் அது உராய்வை மட்டுமே நம்பியிருப்பதால், வழவழப்பான நாடாவாயின் மிஞ்சிய முனையைக் கொண்டு பக்கிளுக்குப் பின்னால் ஒரு முடிச்சு போட்டுவைப்பது நல்லது. மார்லின் ஸ்பைக் என்ற பழைய மாலுமி முடிச்சில், நாடாவின் சுருக்குக்குள் விரல் பருமனுள்ள குச்சியைச் செருகி, படுக்கையின் கண்ணியை அந்த முடிச்சின் பின்புறம் அமர்த்துகின்றனர். கண்ணியைக் குச்சியின் மீதே தொங்கவிட்டால் குச்சி முறியும் என்பதால், சுமை முடிச்சின் மீதே விழும்படி பார்த்துக்கொள்வது இன்றியமையாதது.

காரபைனர் எனப்படும், விசைத்தாழுள்ள கொக்கி வளையத்தை வாங்கும்போது அதன் உடலில் பொறித்த எண்ணைப் படிக்க வேண்டும். மலையேற்றத் தரமுள்ள வளையத்தில் கிலோ நியூட்டன் அளவில் வலு குறிக்கப்பட்டிருக்கும். ஒரு கிலோ நியூட்டன் ஏறத்தாழ 102 கிலோ எடைக்குச் சமம். நீளவாக்கில் 20 கிலோ நியூட்டனுக்கு மேல் தாங்கும் அதே வளையம், தாழ் திறந்திருந்தாலோ குறுக்காகத் திரும்பியிருந்தாலோ ஏறத்தாழ 7 கிலோ நியூட்டன்தான் தாங்கும். சாவிக்கொத்துக்கென விற்கும் வண்ண வளையங்களில் எந்த எண்ணும் இருப்பதில்லை, அவற்றில் மனித உடலைத் தொங்கவிடுவது கூடாது. நாடாக்களில் குறிக்கப்படும் எண் முறிவலுவா, பணிச்சுமையா என்பதையும் பார்த்தறிய வேண்டும்: முன்னது அறுபடும் எல்லை, பின்னது அன்றாடம் ஏற்றத்தக்க சுமை, சரக்குக்கட்டு நாடாக்களில் இது வழக்கமாக முறிவலுவில் மூன்றில் ஒரு பங்கு. மனிதர் தொப்பென்று அமரும்போது இழுவிசை கணநேரம் தாவி உயர்வதால், கணக்கிட்ட விசையைப்போல் ஐந்து மடங்கு முறிவலுவுள்ள பொருளையே தெரிவுசெய்வது தக்கது.

மழையில் நாடா நெடுக வழிந்து வரும் நீர் படுக்கைத் துணியை நனைத்துவிடும்; துணிக்கு முன்பாக நாடாவில் சிறு நூல் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டால் நீர் அதன்வழியே சொட்டிவிடும்.

பட்டுப்போன மரத்தில் கட்டினால் எத்தனை நல்ல நாடாவும் காப்பாற்றாது. 30 பாகை கோணத்தில்கூட 80 கிலோ மனிதர் ஒவ்வொரு மரத்தையும் கிட்டத்தட்ட 70 கிலோ விசையால் பக்கவாட்டில் இழுக்கிறார். வேர் அழுகிய மரம் அந்த இழுப்புக்கே சாயக்கூடும், அது சாயும் திசை பெரும்பாலும் படுத்திருப்பவரை நோக்கியதாகவே இருக்கும். இலை உதிர்ந்த பருவத்தில் உயிருள்ள மரத்தையும் செத்த மரத்தையும் வேறுபடுத்துவது எளிதன்று என்பதால், பட்டை உரிந்திருக்கிறதா, அடியில் காளான் முளைத்திருக்கிறதா, கையால் தள்ளினால் அசைகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, பின்னர் தலைக்கு மேலே முறிந்து தொங்கும் கிளை உண்டா என்றும் அண்ணாந்து பார்க்க வேண்டும். கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில், காட்டுக்குள் வகுக்கப்பட்ட முகாம்களில் மட்டுமே தொங்குபடுக்கை கட்டலாம், தங்குகுடில்களின் தூண்களில் கட்டக்கூடாது என்ற விதி உண்டு. இடத்துக்கு இடம் விதி மாறும் என்பதால் புறப்படுமுன் கேட்டறிவது கடமை.

நாடாக்களும் வெயிலாலும் மணலாலும் உரசலாலும் மெல்ல நைகின்றன. ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் அவற்றின் தையல்களை விரலால் தடவிப் பாருங்கள். இழை பிரிந்திருந்தாலோ, நிறம் வெளுத்து விறைத்திருந்தாலோ தயங்காமல் புதியது வாங்குங்கள். மொத்தச் செலவில் சிக்கனம் பார்க்க வேண்டியிருந்தால் துணியில் பாருங்கள், நாடாவில் பார்க்க வேண்டாம்.