நஞ்சுக்கொடி விழும் வரை

தாம்பரத்தை அடுத்த செம்பாக்கத்தில் எந்த வீட்டில் ஒன்பதாம் மாதம் நடக்கிறது என்பதை மொட்டைமாடிக் கொடியைப் பார்த்தே சொல்லிவிடலாம். பழைய பருத்திப் புடவைகளை வெந்நீரில் அலசி, சதுரம் சதுரமாகக் கிழித்துக் காயப்போட்டிருப்பார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் பெண் மதியத்தில் ஒருக்களித்துப் படுத்திருப்பாள். அவள் கணவன் சோழிங்கநல்லூரிலோ சிறுசேரியிலோ வேலை முடித்து, மேடவாக்கம் வழியாக வண்டியில் வந்து முகம் பார்த்துவிட்டுப் போவான். அம்மா நாட்டுமருந்துக் கடையில் லேகியச் சாமான்களுக்குச் சீட்டு கொடுத்துவைத்திருப்பாள். பாட்டி மட்டும் அவசரமே இல்லாமல், பேத்தி நடந்து போவதைப் பார்த்துவிட்டு, "வயிறு இறங்கிடுச்சுடி, இனிமே நாள் கணக்குதான்" என்பாள்.

அந்தக் கண் சரியாகவே பார்த்திருக்கிறது. முதல் பிரசவத்தில் வலி எடுப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே குழந்தையின் தலை இடுப்பெலும்புக் கூட்டுக்குள் இறங்கத் தொடங்கும். நெஞ்சுக்குக் கீழே அழுத்திய பாரம் குறைவதால் மூச்சு சுலபமாகும். சிறுநீர்ப்பை நெருக்கப்படுவதால் ராத்திரித் தூக்கம் கெடும். ஆனால் எந்த நாள் என்பதைப் பாட்டியாலும் சொல்ல முடியாது, டாக்டராலும் சொல்ல முடியாது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணி அட்டையில் ஒரு தேதி எழுதித் தருகிறார்கள். சரியாக அந்தத் தேதியில் பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான்.

அப்படியானால் நாளைக் குறிப்பது யார்? நியூசிலாந்து மருத்துவர் கிரகாம் லிகின்ஸ் 1960களில் இந்தக் கேள்வியை ஆடுகளிடம் கேட்டார். வயிற்றிலிருக்கும் குட்டியின் பிட்யூட்டரிச் சுரப்பியைச் செயலிழக்கச் செய்தால் தாய் ஆட்டுக்குப் பிரசவ நாள் தாண்டியும் வலியே வரவில்லை. குட்டிக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் நாளுக்கு முன்பே வலி வந்தது. ஆட்டில் நாள் குறிப்பது குட்டிதான். மனிதரில் கதை இன்னும் சிக்கலானது. நம் நஞ்சுக்கொடி, மூளை சுரக்கும் ஓர் அழுத்த ஹார்மோனைத் தானும் சுரக்கிறது. கடைசி மாதங்களில் அதன் அளவு வேகமாக ஏறுகிறது. அந்த ஏற்றத்தை ஒரு கடிகாரம் என்றே ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1995இல் எழுதினார்கள். லிகின்ஸின் ஆடுகள் இன்னொன்றையும் தந்தன. நாளுக்கு முன்பே பிறந்த குட்டிகள் பிழைத்து மூச்சுவிட்டதைப் பார்த்து, ஸ்டீராய்டு நுரையீரலைப் பக்குவப்படுத்துகிறது என்று அவர் கண்டுபிடித்தார். குறைமாதத்தில் வலி வந்த பெண்களுக்கு இன்று நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் போடும் ஊசி அந்த ஆட்டுக்கொட்டகையிலிருந்து வந்ததுதான்.

கருப்பைத் தசை மாதக்கணக்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இறுகித் தளரும். பாட்டிமார் பொய்வலி, சூட்டுவலி என்று சொல்லிச் சீரகத் தண்ணீர் கொடுப்பது அதற்குத்தான். பிரசவம் நெருங்கும்போது தசைச் செல்களுக்கு நடுவே நுண்ணிய வாசல்கள் ஆயிரக்கணக்கில் திறக்கின்றன. ஒரு செல்லில் எழுந்த மின்துடிப்பு அடுத்த செல்லுக்கும், அதற்கடுத்ததற்கும் பாய்கிறது. அதுவரை தனித்தனியாக இயங்கிய தசை முழுதும் ஒரே மூச்சில் இறுகுகிறது. அதுதான் இடுப்பையும் முதுகையும் சுற்றிப் பிடிக்கும் அசல் வலி.

இந்த வேளையில்தான் பல வீடுகளில் இப்போது ஒரு பேச்சு எழுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் கிழித்துவிடுவார்கள், வீட்டிலேயே பெற்றுக்கொண்டால் என்ன? இந்தக் கேள்வியை மடத்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 சதவீதம் அறுவைச் சிகிச்சை. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 63.8 சதவீதம். மூன்றில் இரண்டு பெண்களுக்குச் சுகப்பிரசவம் முடியாத அளவுக்கு மனித உடல் மோசமாகப் படைக்கப்பட்டிருந்தால் நாம் யாரும் இங்கே இருந்திருக்க மாட்டோம். அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. 2024 நவம்பரில் குன்றத்தூரில் ஒரு தம்பதி மூன்றாவது குழந்தையை வீட்டிலேயே பெற்றுக்கொண்டார்கள். ஆயிரம் பேருக்கு மேல் இருந்த ஒரு வாட்ஸ்அப் குழுவைப் பார்த்துத்தான் செய்தார்கள் என்பது தெரிந்து, பொதுச் சுகாதாரத் துறை போலீசில் புகார் கொடுத்தது. செம்பாக்கத்துக்குக் குன்றத்தூர் ஒன்றும் தூரதேசமில்லை.

வீட்டை விரும்புகிறவர்களின் பக்கம் உண்மையான அறிவியல் ஒன்று நிற்கிறது. பிரசவத்தை நடத்துவது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன். குழந்தையின் தலை கருப்பை வாயை விரிக்க விரிக்க மூளை அதைச் சுரக்கிறது. அது கருப்பையை இறுக்குகிறது, தலை இன்னும் இறங்குகிறது, மூளை இன்னும் சுரக்கிறது. உடலின் மற்ற ஏற்பாடுகளில் பெரும்பாலானவை எதையும் மிஞ்சவிடாமல் தணிக்கப் பார்ப்பவை. இதுவோ குழந்தை வெளியே வரும்வரை மேலும் மேலும் ஏறிக்கொண்டே போகும். இதைக் குலைப்பது பயம். பயந்தால் அட்ரினலின் சுரக்கும், அட்ரினலின் கருப்பையைத் தளர்த்தும். அமெரிக்காவில் நைல்ஸ் நியூட்டன் 1960களில் ஈன்றுகொண்டிருந்த எலிகளைத் தொந்தரவு செய்து பார்த்தார். அவற்றின் பிரசவம் நீண்டது. இருட்டும் அமைதியும் ஆக்ஸிடோசினுக்கு உகந்தவை. இங்கிலாந்தில் 2005 முதல் 2014 வரை பிறந்த 50 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் நேரத்தைப் பார்த்தபோது, தானாக வலி வந்து தானாகப் பிறந்தவை அதிகாலை நாலு மணியையொட்டியே அதிகம் இருந்தன. நம் பாட்டிகள் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

வெள்ளை விளக்கும், அறிமுகமில்லாத முகங்களும், அடுத்த கட்டிலிலிருந்து கேட்கும் அலறலும் ஒரு பெண்ணின் உடலை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஒருவர் கடைசிவரை கையைப் பிடித்துக்கொண்டு கூட இருந்தால் என்ன ஆகும் என்பதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 சோதனைகளைத் தொகுத்து 2017இல் ஓர் அறிக்கை வந்தது. துணை இருந்த பெண்களுக்கு வலி நேரம் குறைந்தது, அறுவைச் சிகிச்சையும் குறைந்தது. மருந்து எதுவும் இல்லாமல், ஓர் ஆள் கூடவே இருந்ததால் வந்த பலன். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணையை அனுமதிக்கும் ஏற்பாடு உண்டு. செம்பாக்கத்து அம்மாக்கள் பலர் அதைக் கேட்காமலே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறார்கள். கேட்க வேண்டும்.

இதுவரை எல்லாம் வீட்டுக்குச் சாதகம். இனிவரும் கட்டத்தில் அப்படியில்லை. குழந்தை பிறந்துவிட்டது, அழுதுவிட்டது, ஆணா பெண்ணா என்று வெளியே சொல்லியாகிவிட்டது. அறையிலிருக்கும் எல்லாக் கண்ணும் குழந்தைமேல். பழைய மருத்துவச்சிகள் மட்டும் தாயை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார்கள். பிரசவம் இன்னும் முடியவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். நஞ்சுக்கொடி உள்ளே இருக்கிறது.

நிறைமாதத்தில் கருப்பைக்குப் போகும் ரத்தம் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல். நஞ்சுக்கொடி ஒட்டியிருக்கும் இடத்தில் தாயின் ரத்தக்குழாய்கள் அகன்று திறந்திருக்கின்றன. குழந்தை வெளியே வந்த மறுகணமே கருப்பை சட்டென்று சுருங்குகிறது. நஞ்சுக்கொடியால் அப்படிச் சுருங்க முடியாது. ஊதிய பலூன்மேல் ஒட்டிய காகிதம் காற்று இறங்கும்போது கழன்று வருவதுபோல அது சுவரிலிருந்து பிரிகிறது. பிரிந்த இடத்தில் உள்ளங்கையைவிடப் பெரிய திறந்த காயம். வேறெந்த உறுப்பில் இப்படி ஒரு காயம் ஏற்பட்டாலும் அறுவை மேசையில் தையல் போட்டே நிறுத்த வேண்டியிருக்கும். கருப்பை தானே நிறுத்திக்கொள்கிறது. அதன் தசைநார்கள் நேராக ஓடாமல், குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொண்டு ரத்தக்குழாய்களைச் சுற்றி ஓடுகின்றன. தசை இறுகும்போது ஒவ்வொரு குழாயும் ஒரு முடிச்சுக்குள் நெரிபடுகிறது. ஒன்பது மாதம் உயிரூட்டிய குழாய்கள் சில நிமிடங்களில் மூடிக்கொள்கின்றன. மனித உடலில் இதைவிட நேர்த்தியான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை. இந்த இழப்பையும் தாங்கும்படி உடல் கர்ப்பகாலத்தில் ரத்தத்தைக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகக் கூட்டி வைத்திருக்கிறது.

சில பெண்களுக்குத் தசை இறுகுவதில்லை. நீண்ட வலியில் களைத்துப்போயிருக்கலாம். நஞ்சில் ஒரு துண்டு உள்ளே தங்கியிருக்கலாம். இரட்டைக் குழந்தையால் கருப்பை அதிகம் விரிந்திருக்கலாம். பெரும்பாலும் முன்கூட்டியே தெரியும் காரணம் எதுவும் இருப்பதில்லை. ஸ்கேன் சரி, ரத்தச்சோகை இல்லை, முதல் பிரசவம் சுகமாக நடந்தது என்பதெல்லாம் உத்தரவாதம் ஆகாது. குழாய்கள் திறந்தே இருந்தால், கவனிப்பில்லாத தாய்க்கு இருக்கும் அவகாசம் சராசரியாக இரண்டு மணி நேரம். 2018 ஜூலையில் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டில் பிரசவம் பார்க்க முயன்றபோது ஓர் இளம் பெண் இறந்தது இப்படித்தான். குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது. அதற்கடுத்து வந்த ரத்தப்போக்கைத்தான் நிறுத்த முடியவில்லை.

இதற்கான மருந்து, உடல் சுரக்கும் அதே ஆக்ஸிடோசின்தான். ஒன்பது அமினோ அமிலங்களாலான சின்ன மூலக்கூறு. அதை 1953இல் ஆய்வகத்தில் தயாரித்த வின்சென்ட் டு விக்னோவுக்கு 1955இல் நோபல் பரிசு கிடைத்தது. குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாயின் தொடையில் 10 யூனிட் போட்டால் ரத்தப்போக்கு ஏற்படுவது வெகுவாகக் குறைகிறது. விலை மிகக் குறைவு. ஆனால் குளிர்பெட்டியில் இருக்க வேண்டும், போடத் தெரிந்த கை வேண்டும். குழந்தை பிறப்பதற்கு முன் அறியாமல் போட்டால் கருப்பையே கிழியக்கூடும். ஊசிக்கும் அடங்காவிட்டால் அடுத்த மருந்து, அதற்கடுத்து ரத்தம், அதற்கடுத்து அறுவை அரங்கு. இவை எல்லாம் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் கைக்கு எட்ட வேண்டும்.

சாயங்காலம் ஆறு மணிக்குச் செம்பாக்கத்திலிருந்து கேம்ப் ரோடு சந்திப்பைத் தாண்டித் தாம்பரம் போய்ச் சேர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். மழைக்காலத்தில் கணக்கு இன்னும் இறுகும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ராமாபுரத்தில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணியை விமானப்படை ஹெலிகாப்டர் மொட்டைமாடியிலிருந்து தூக்கித் தாம்பரம் தளத்தில் இறக்கியது. மருத்துவமனையில் அவருக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. எல்லா மாடிக்கும் ஹெலிகாப்டர் வராது. உதவி எட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. தாம்பரம் வழியாகப் போகும் ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் திண்டிவனம். 1890களில் அங்கே ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியரைக் காப்பாற்றும்படி ஐடா ஸ்கடர் என்ற இளம் பெண்ணிடம் கேட்டார்கள். டாக்டராக இருந்த தந்தை வருவதாகச் சொன்னார். ஆண் மருத்துவர் வேண்டாம் என்றார்கள். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் அந்த மூன்று பெண்களும் இறந்தார்கள். அவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதுதான் பின்னாளில் சி.எம்.சி. மருத்துவமனை ஆனது. தமிழ்நாட்டில் 1992-93இல்கூட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குழந்தைகள் வீட்டில்தான் பிறந்தன. இன்று ஏறக்குறைய எல்லாமே மருத்துவமனையில். 2018-20 கணக்கில், ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54.

வெளிநாட்டில் வீட்டில் பெற்றுக்கொள்வதில்லையா என்று கேட்பவர்களுக்கு இங்கிலாந்தின் 2011 ஆய்வைச் சொல்வேன். சிக்கல் ஏதும் இல்லாத 64,000 பெண்கள் அதில் இருந்தார்கள். வீட்டில் பிரசவிக்கத் திட்டமிட்டவர்களோடு, முழுப் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் மருந்துப்பையோடு இருந்தார்கள். அப்படியும் தலைப்பிரசவப் பெண்களில் நூற்றுக்கு 45 பேரை நடுவிலோ பிரசவம் முடிந்ததுமோ மருத்துவமனைக்கு மாற்ற வேண்டிவந்தது. வீட்டில் திட்டமிட்ட தலைப்பிரசவங்களில் குழந்தைக்குப் பெரும் பாதிப்பு ஆயிரத்துக்கு 9.3; மருத்துவமனையில் திட்டமிட்டவற்றில் 5.3. ஏற்கெனவே பெற்ற பெண்களுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. அங்கே வீட்டுப் பிரசவத்துக்குப் பின்னால் ஒரு முழு அமைப்பு நிற்கிறது. நமக்கு வீட்டுக்கு வரும் அப்படிப்பட்ட மருத்துவச்சி இல்லை. மருத்துவச்சிப் பயிற்சிக்கான வழிகாட்டுதலை மத்திய அரசு 2018இல்தான் வெளியிட்டது. அந்தப் பயிற்சி பெற்றவர்கள் நம் பிரசவ அறைகளில் நிறையும் நாள் வந்தால், தேவையில்லாத கத்தியும் குறையும், வாட்ஸ்அப் குழுவுக்கும் வேலை இருக்காது.

அதுவரை ஒன்பதாம் மாத வீட்டுக்கு வேலை நிறைய இருக்கிறது. தாயின் ரத்த வகைக்கு ஒத்த இரண்டு பேரைப் பேசிவைக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு 108 ஆம்புலன்ஸ் வந்தால் தெருமுனையில் யார் நிற்பது என்று முடிவு செய்ய வேண்டும். பார்க்கப்போகிற டாக்டரிடம் மூன்று விஷயம் முன்கூட்டியே கேட்க வேண்டும்: துணைக்கு ஆளை விடுவீர்களா, வலியின்போது நடக்க விடுவீர்களா, தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டுவீர்களா. அப்படிப் பொறுத்தால் நஞ்சிலிருந்து குழந்தைக்கு 80 முதல் 100 மில்லி ரத்தம் போய்ச் சேர்கிறது; பின்னால் ரத்தச்சோகை வராமல் காக்க அது உதவும். குழந்தையைத் துடைத்துத் தாயின் வெறும் மார்பில் போடச் சொல்ல வேண்டும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் தர வேண்டும்.

பால் குடிக்கும்போதெல்லாம் அடிவயிறு சுருக்கென்று இழுக்கிறது என்று பெண் சொல்வாள். இரண்டாவது பிரசவமென்றால் இன்னும் அதிகமாக வலிக்கும். குழந்தை சப்புவதால் சுரக்கும் ஆக்ஸிடோசின் பாலையும் இறக்குகிறது, கருப்பையையும் இறுக்குகிறது. பிரசவத்தன்று ஒரு கிலோ எடையிருந்த கருப்பை ஆறு வாரத்தில் 60, 70 கிராமுக்கு வந்துவிடுகிறது. அந்த ஆறு வாரமும் அவளுக்கு வயிறாரச் சாப்பாடும், இரவில் குழந்தையை வாங்கிக்கொள்ள ஓர் ஆளும், துணி நனையும் அளவு கூடுகிறதா என்று பார்க்க ஒரு கண்ணும் வேண்டும். சுகப்பிரசவமென்றால் மருத்துவமனை மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிடும். அதற்குப் பிறகான பிரசவ வேலை முழுதும் வீட்டுடையதுதான்.