தொடக்ககாலப் புதினங்களில் மணமும் பொருளும் உறவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் திருமணம் இரு உள்ளங்களின் இணைப்பு மட்டுமன்று. சொத்துரிமையையும் சமூக மதிப்பையும் முடிவு செய்யும் ஒப்பந்தமும் ஆகும். மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமையை அந்நாட்டுச் சட்டம் 1882இல்தான் முழுமையாக வழங்கியது. எனவே தாக்கரே, ஜார்ஜ் எலியட் முதலியோரின் புதினங்களில் உயிலும் கடனும் கதையின் போக்கைத் தீர்மானிக்கின்றன. அக்காலத்திலேயே தமிழிலும் புதினம் தோன்றியது.

எவர் வீட்டில் வாழ்வது?

மாயூரத்தில் முன்சீபாகப் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது. இதுவே தமிழின் முதல் புதினம். பிரதாபனும் ஞானாம்பாளும் உறவினர், ஒருவரையொருவர் விரும்புபவர். ஆயினும், மணமக்கள் எவர் வீட்டில் வாழ்வது என்னும் பெற்றோர் பிணக்கால் திருமணம் தடைப்படுகிறது. பின்னர் ஞானாம்பாள் ஆணுடை பூண்டு ஒரு நாட்டையே ஆள்கிறாள். பெண்ணுக்கு அறிவு உண்டு, அதற்குரிய இடமே மறுக்கப்படுகிறது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

வம்பு என்னும் வலை

இராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடராக வந்தது. சிறுகுளம் என்னும் சிற்றூரில் கூடிப் பேசும் பெண்கள் கூட்டத்துக்கு ஆசிரியர் ‘வம்பர் மகாசபை’ என்று பெயரிடுகிறார். நகைச்சுவையாகத் தொடங்கும் வம்பு மெல்ல நஞ்சாகிறது. செல்வத்தை இழந்த முத்துசுவாமி ஐயர், வதந்தியை நம்பிக் குற்றமற்ற மனைவியையே ஐயுறுகிறார். ஆபத்தில் தாங்கவேண்டிய உறவு வலை, ஆளைச் சிக்கவைக்கும் வலையாகவும் மாறுகிறது.

சட்டமும் வழக்கமும்

கைம்பெண் மறுமணத்தை 1856ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றது. ஊர் வழக்கம் ஏற்கவில்லை. அ. மாதவையாவின் ‘முத்துமீனாட்சி’ (1903), இளமையில் கைம்பெண்ணான ஒருத்தி தன் கதையைத் தானே கூறுவதாக அமைந்தது. அவளது மறுமணம் அக்காலத்தில் துணிச்சலான முடிவாகும்.

ஒப்புமையும் வேற்றுமையும்

ஆங்கிலப் புதினங்கள் பலவற்றில் கதைத்தலைவி தக்க துணையைத் தேர்ந்தபின் கதை முடிகிறது. இளமை மணம் வழக்கிலிருந்த தமிழ்ச் சமூகத்தில் தேர்வுக்கு இடமில்லை. ஆதலால் மணத்துக்குப் பின்வரும் வாழ்வே இங்குப் பெரிதும் கதையாயிற்று. எனினும், பொருளும் ஊர்ப்பேச்சும் பெண்ணின் வாழ்வைத் தீர்மானிக்கலாமா என்னும் வினா இரண்டிற்கும் பொதுவானது. அவ்வினா இன்னும் பழையதாகிவிடவில்லை.