பதினான்கு சென்டிமீட்டருக்கு ஒரு நூல்

துண்டுத் துணிகளை இணைத்துக் குயில்ட் தைப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த எரிச்சல் ஒன்று உண்டு. அளவுகோலை அழுத்திப் பிடித்து, உருளும் வட்ட பிளேடு கொண்ட ரோட்டரி கட்டரை ஓட்டியாயிற்று. துணியைப் பிரித்தால் ஓரிடத்தில் இரண்டு நூல் அறுபடாமல் இழுத்துக்கொண்டு நிற்கிறது. கொஞ்சம் தள்ளி இன்னோர் இடத்திலும் அதே கதை. பிளேடு மழுங்கிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன், அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே இஞ்சு டேப்பை வைத்துப் பாருங்கள். பரவலாகப் புழங்கும் பிளேடின் விட்டம் 45 மி.மீ.; சுற்றளவு ஏறக்குறைய 141 மி.மீ. ஆக, 14 செ.மீ.க்கு ஒருமுறை நூல் தப்புகிறதென்றால் பிளேடு முழுக்க மழுங்கவில்லை. விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் சில்லு பெயர்ந்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் ஒருமுறை கீழே வந்து போகிறது. சின்ன 28 மி.மீ. பிளேடானால் இந்த இடைவெளி 8.8 செ.மீ., பெரிய 60 மி.மீ. பிளேடானால் 18.8 செ.மீ.

ரோட்டரி கட்டருக்கு வயது அதிகமில்லை. ஜப்பானின் ஒசாகாவைச் சேர்ந்த ஒல்ஃபா நிறுவனம் 1979-இல் இதைக் கொண்டுவந்தது. தையல்காரர்களுக்காகச் செய்ததை அமெரிக்கக் குயில்ட்காரர்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். அதுவரை ஒவ்வொரு துண்டாக அட்டை வைத்துக் கோடு போட்டுக் கத்தரித்தவர்கள், நான்கைந்து அடுக்குத் துணியை ஒரே ஓட்டில் பட்டைகளாக வெட்டத் தொடங்கினார்கள். வேகத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது துல்லியம். குயில்ட் தையலில் விளிம்பிலிருந்து கால் அங்குலம், அதாவது 6 மி.மீ. சொச்சம்தான் தையலுக்கு விடுவார்கள். ஒவ்வொரு துண்டும் அரை மில்லிமீட்டர் கூடினால், எட்டுத் துண்டு சேர்ந்த வரிசை 4 மி.மீ. நீண்டுவிடும், பக்கத்து வரிசையின் மூலையோடு அது பொருந்தவே பொருந்தாது. மழுங்கிய பிளேடு துணியைத் தள்ளித் தள்ளி வெட்டுவதால் இந்தப் பிசகு வருகிறது.

உருளும் பிளேடு துணியை அறுக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது பெரும்பாலும் அறுப்பதில்லை. ஓடும் சைக்கிளின் டயரில் தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் நகராமல் நிற்கிறது அல்லவா? இங்கும் அதே கணக்கு. நான்கு அடுக்குப் பருத்தித் துணி சுமார் 1.2 மி.மீ. கனம் என்று வைத்துக்கொள்வோம். 45 மி.மீ. பிளேடின் விளிம்பிலுள்ள ஒரு புள்ளி அந்த 1.2 மி.மீ. கீழே இறங்குவதற்குள் முன்னால் நகர்வது ஏறத்தாழ 0.13 மி.மீ. மட்டும். கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்கி, நூலை அடியிலுள்ள கட்டிங் மேட்டோடு அழுத்தி நறுக்குகிறது.

தக்காளியைக் கத்தியால் அழுத்தினால் நசுங்கும், இழுத்தால் வெட்டுப்படும். இழுக்கும் அசைவு இருந்தால் குறைந்த விசை போதும். திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் அடுக்கடுக்காகத் துணி வெட்டும் மின் இயந்திரங்களுக்கு அந்தச் சாதகம் உண்டு. மோட்டார் பிளேடை வேகமாகச் சுழற்றும், அல்லது மேலும் கீழும் ஆட்டும். நேர் கத்தி இயந்திரங்களில், வேலைக்கு நடுவிலேயே பிளேடைத் தீட்டிக்கொள்ளச் சாணைப் பட்டையும் கூடவே பொருத்தியிருப்பார்கள். கையால் உருட்டும் கட்டருக்கு இரண்டும் இல்லை. கூர்மையும் கையழுத்தமும் மட்டுமே அதன் முதல். கூர்மை குறையக் குறைய அழுத்தத்தைக் கூட்டுகிறோம். கூட்டிய அழுத்தம் மிச்சக் கூர்மையையும் தின்கிறது.

பருத்தி போன்ற மென்மையான பொருள் எஃகை எப்படிக் கெடுக்கும்? 2020-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜான்லூகா ரோஸியோலி, செம் தாசான் உள்ளிட்டோர் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சவர பிளேடைவிட முடி ஐம்பது மடங்கு மென்மையானது. ஆனாலும் பிளேடு கெடுகிறது. மின்னணு நுண்ணோக்கியின் கீழ் முடியை வெட்டிப் பார்த்ததில், முடி வளைந்து விளிம்பைச் சாய்வாகத் தாக்கும்போது எஃகின் உள்ளமைப்பு சீரில்லாத இடங்களில் சில்லு பெயர்வது தெரிந்தது. அவர்கள் பார்த்தது முடியை, துணியை அல்ல. ஆனாலும் வெட்டும்போது மணிக்கட்டைத் திருகுவதும் கட்டரைச் சாய்த்துப் பிடிப்பதும் ஏன் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. மெல்லிய விளிம்பு நேர் அழுத்தத்தைத் தாங்கும், பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்காது. துணிக்குள் மறந்துவிட்ட குண்டூசிமேல் ஏற்றினால் கேட்கவே வேண்டாம்.

அடியில் என்ன இருக்கிறது என்பதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. ஒரு சுற்றுக்கு 141 மி.மீ. என்றால், பத்து மீட்டர் வெட்டுவதற்குள் விளிம்பின் ஒவ்வொரு புள்ளியும் எழுபது முறை மேட்டைக் குத்துகிறது. கண்ணாடியிலோ பளிங்கு மேசையிலோ ஒருமுறை ஓட்டினாலே விளிம்பு மடங்கிப்போகும். கட்டிங் மேட் என்று விற்பது பெரும்பாலும் பி.வி.சி. அடுக்குகளால் ஆனது. பிளேடு அதைப் பெரும்பாலும் சுரண்டி எடுப்பதில்லை, விலக்கிக்கொண்டு இறங்குகிறது. பிளேடு போனதும் மீள்தன்மையால் கீறல் மூடிக்கொள்கிறது. தினமும் ஒரே கோட்டில் வெட்டினால் அங்கே பள்ளம் விழும். துணி அந்தப் பள்ளத்துக்குள் பதுங்கிக்கொள்ளும், நூல் தப்பும். பார்வைக்கு இது பிளேடின் குற்றம்போலவே இருக்கும். மேட்டைப் புரட்டாமல் சுற்றி வைத்து வெட்டுங்கள்: கோளாறு அதே பள்ளத்தோடு சேர்ந்து நகர்ந்தால் பிளேடைக் குறை சொல்வதில் நியாயமில்லை. மேட்டை வெயிலிலோ காருக்குள்ளோ விட்டுவிடவும் கூடாது, நெளிந்துவிடும்.

வெட்டுக்கோடு முழுவதுமே தளர்வாக இருந்தால், புது பிளேடு வாங்கும் முன் கட்டரைக் கழற்றிப் பாருங்கள். பிளேடுக்கும் காப்புத் தகட்டுக்கும் நடுவே பஞ்சுத் தூசி படிந்து அடையாகியிருக்கும். துடைத்து, ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் தொட்டு, திருகை மறுபடி முடுக்குங்கள். அதிகம் முடுக்கினால் பிளேடு சுழலாமல் இழுபடும். ஒரே இடம் தேய்ந்து தட்டையாகும். 14 செ.மீ. நோய் இப்படியும் தொடங்கலாம்.

அலுமினியத் தாளை மடித்து நாலைந்து முறை வெட்டினால் பிளேடு கூராகிவிடும் என்ற கைவைத்தியம் ஊர் ஊராகச் சுற்றுகிறது. எஃகைத் தேய்க்க எஃகைவிடக் கடினமான பொருள் வேண்டும்: அலுமினா, சிலிக்கன் கார்பைடு, வைரத்தூள் இப்படி. அலுமினியமோ எஃகைவிட மிகவும் மிருது. விளிம்பில் ஒட்டிய அழுக்கும் பிசிறும் அதில் துடைபடலாம். அதனால் கொஞ்ச நேரம் நன்றாக வெட்டுவதுபோல் தோன்றலாம். பெயர்ந்த சில்லு திரும்ப வராது. சாணைக் கற்கள் பதித்த சின்னத் தீட்டுக் கருவிகள் அப்படியல்ல, நிஜமாகவே உலோகத்தைத் தேய்க்கின்றன. ஆனால் 0.3 மி.மீ. கனமுள்ள தகட்டின் இரு பக்கமும் ஒரே கோணத்தில், சுற்று முழுக்கச் சீராகக் கையால் தீட்டுவது லேசான காரியமல்ல. முதல் ஓரிரு முறை பலன் தரும். அதற்குமேல், நல்ல துணியை நம்பி அதன் கீழே வைக்க எனக்குத் துணிச்சலில்லை.

காகிதத்துக்கென்று தனியாக ஒரு கட்டர் வைத்துக்கொள்வது நல்லது. காகிதத்தில் களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்திருப்பதால் அது துணியைவிட வேகமாகப் பிளேடைத் தேய்க்கும். துணிக்கு ஓய்வுபெற்ற பிளேடு அங்கே சில காலம் ஓடும். அதற்கும் உதவாமல் போன பிளேடு விரலை வெட்டும் அளவுக்குக் கூர்மையோடுதான் இருக்கும். மூடியுள்ள தகர டப்பாவில் சேர்த்துவைத்து, நிறைந்ததும் டேப் சுற்றி, உள்ளே பிளேடு இருப்பதை மேலே எழுதிக் குப்பை எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். நம் ஊரில் குப்பையைக் கையால்தான் பிரிக்கிறார்கள்.