வெப்பமான இரவும் நெற்கதிரும்

மஃரிப் பாங்கு சொல்லும் நேரத்தில் தூங்குமூஞ்சி மரம் இலைகளை மடக்கிக்கொள்வதைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருப்பீர்கள். இருட்டுவது மட்டுமே அதற்குக் காரணமல்ல. 1729-இல் பிரெஞ்சு அறிஞர் தெ மைரான், தொட்டாற்சிணுங்கி போன்ற செடியொன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். அங்கேயும் அது காலையில் விரிந்தது, மாலையில் மடங்கியது. செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது.

பல மரபணுக்கள் எந்நேரத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்துவதும் அதுதான். ஆகவே ஒரே அளவு குளிரோ சூடோ காலையில் பட்டால் ஒருவிதம், இரவில் பட்டால் வேறுவிதம்.

நாம் பகல் வெயிலைத்தான் பேசுகிறோம். நெல்லுக்கோ இரவுப் புழுக்கமும் கேடு. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல் கணக்குகள் 2004-இல் வெளியாயின. வறண்ட பருவத்தில் இரவு வெப்பம் 1 டிகிரி கூடினால் விளைச்சல் சுமார் 10 சதவீதம் குறைந்திருந்தது. துடியலூரில் வயல்கள் குறைந்துவிட்டன, ஆனால் சோறு எல்லார் வீட்டிலும் வேண்டுமே!

காரணத்தின் ஒரு பகுதி 2021-இல் தெரிந்தது. இரவுச் சூடு 2, 3 டிகிரி கூடியதும் கதிரில் மரபணுக்களின் நேர ஒழுங்கு குலைந்தது. கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவையே அதிகம் தடுமாறின.

பூக்கும் நேரத்தில் 35 டிகிரிக்கு மேல் சூடேறினால் நெல் பதராகும். அதனால் காட்டு நெல் ஒன்றிலிருந்து அதிகாலையிலேயே பூக்கும் குணத்தைப் பயிர் நெல்லுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். வெயில் ஏறுமுன் மகரந்தம் சேர்ந்துவிடும்.