இடுப்பளவு தண்ணீரில் என்ன ஆபத்து?

செப்டம்பர் முடியப் போகிறது. இலங்கையின் கல்பிட்டியில் மே மாதம் தொடங்கிய தென்மேற்குக் காற்று அக்டோபர் நடுவோடு அடங்கிவிடும். அதற்குள் இடம் பிடித்துவிடுங்கள் என்று கைட் சர்ஃபிங் (பட்டம் இழுக்க, பலகைமேல் நின்று தண்ணீரில் சறுக்கும் விளையாட்டு) பயிற்சி விளம்பரங்கள் செல்போனில் வந்து விழுகின்றன. காஞ்சிபுரத்திலிருந்து வரும் கடிதங்களில் குழப்பமோ குழப்பம். "கோவளம் நம்ம மாவட்டம்தானே, அங்கேயே பழகலாமே" என்கிறார் ஒருவர். (2019 நவம்பரில் செங்கல்பட்டு பிரிந்ததிலிருந்து காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கடலே கிடையாது. நமக்குத்தான் இன்னும் மனசு வரவில்லை.) பிள்ளைகளை அனுப்ப நினைக்கும் பெற்றோரின் கேள்வி வேறு: "இடுப்பளவு தண்ணீர், நீச்சல்கூடத் தேவையில்லை, முழுப் பாதுகாப்பு என்கிறார்களே, நம்பலாமா?"

பாதி நம்பலாம். கல்பிட்டியில் கடலுக்கும் களப்புக்கும் நடுவே தாழ்வான மணல்திட்டு கிடக்கிறது. கடலில் எழுந்து வரும் அலையை அது நிறுத்திவிடும், காற்றை நிறுத்தாது. அலை எழும்பக் காற்று தண்ணீர்மேல் நெடுந்தூரம் ஓட வேண்டும். திட்டைத் தாண்டியதும் காற்று மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்குவதால் அங்கே தண்ணீர் தட்டையாகக் கிடக்கும். விழுந்தால் எழுந்து நிற்கலாம், நடந்தே கரைக்குத் திரும்பலாம். பழக அருமையான இடம்தான். ஆனால் பழகுவதற்கு எளிது என்பதை விளம்பரம் பாதுகாப்பு என்று மாற்றி எழுதிவிடுகிறது. மூழ்குவதைவிட, பட்டம் இழுத்துக்கொண்டு போய் எதிலாவது மோதவிடும் என்பதுதான் இந்த விளையாட்டின் பெரிய பயம். ஆழம் குறைந்தால் அந்தப் பயம் குறைவதில்லை. முழங்கால் ஆழத்தில் மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறவரைத் தண்ணீர் தாங்காது, தரைதான் தாங்கும்.

பட்டத்தைக் கட்டுப்படுத்தும் முறையைப் பாருங்கள். இருபது மீட்டருக்கு மேல் நீளமுள்ள நான்கு கயிறுகள். முன்கயிறுகள் இரண்டும் சேர்ந்து இடுப்புப் பட்டையின் கொக்கிக்கு வரும். இழுவையின் பெரும்பகுதியை உடம்பு வாங்கிக்கொள்ளும். பின்கயிறுகள் இரண்டும் கையில் பிடிக்கும் குறுக்குத் தடியின் இரு முனைகளுக்கு. தடியை உடம்பை நோக்கி இழுத்தால் பட்டத்தின் பின்விளிம்பு இறங்கும், அதிகக் காற்றை வாங்கும், இழுவை கூடும். தள்ளினால் பின்விளிம்பு தளர்ந்து காற்று வழுக்கிப் போகும். தடியை அடியோடு விட்டுவிட்டால் பட்டம் பெரும்பாலும் சாதுவாகிவிடும்.

கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் இதை யோசித்தவர்கள் மனிதனின் பயத்தைக் கணக்கில் எடுத்தார்களா என்பதே என் சந்தேகம். பஸ் திடீரென்று பிரேக் போட்டால் கை தானாகக் கம்பியைப் பற்றும். இங்கே பற்றிக்கொள்ள இருப்பது அந்தத் தடி ஒன்றுதான். பற்றினால் அது உடம்புப் பக்கம் வரும், பட்டம் இன்னும் பலமாக இழுக்கும், பயம் ஏறும், பிடி இறுகும். இதற்குள் பட்டம் காற்று போகும் திசையில் ஆளுக்கு நேர் முன்னால் பாய்ந்தால், தன் ஓட்டத்தாலேயே கூடுதல் காற்றையும் உண்டாக்கிக்கொள்ளும். 12 நாட் காற்று 24 நாட் ஆனால் விசை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. தப்பிக்க முதல் வழி கையை விடுவது. உடம்பு தானாக ஒருபோதும் செய்யாத காரியம் அது.

பட்டங்கள் திருந்தியிருக்கின்றன, மறுக்கவில்லை. பிரான்ஸின் பிரிட்டனியைச் சேர்ந்த லெகெனியு சகோதரர்கள் காற்றடைத்த பட்டத்துக்கு 1984இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அந்த வழியில் வந்த ஆரம்பகாலப் பட்டங்களில் தடியைத் தள்ளினாலும் இழுவை முழுசாக அடங்காது. 2005 வாக்கில் வந்த வில் வடிவப் பட்டங்கள்தான் அதைச் சாத்தியமாக்கின. கொக்கிக்கு மேலே சிவப்பு நிறத்தில் ஒரு விடுவிப்பான் இருக்கும். அதைத் தள்ளினால் பட்டம் ஒற்றைக் கயிற்றில் நின்று மடங்கிப்போகும். கண்ணை மூடிக்கொண்டு அதைத் தொடத் தெரியாத பிள்ளையைத் தண்ணீரில் இறக்கவிடாதீர்கள். பயிற்சிக் கட்டணத்தைக் கேட்கும் முன் பட்டத்தின் வயதைக் கேளுங்கள்.

"சர்வதேசச் சான்றிதழ்" என்று காட்டுவது பெரும்பாலும் ஐ.கே.ஓ. என்ற அமைப்பின் அட்டை. அது 2001இல் தொடங்கியது; எந்த அரசுக்கும் உட்பட்டதல்ல. பயிற்றுநர் பாடத்தை முடித்தவர் என்று அட்டை சொல்லும். இன்றைக்கு அவர் ஒருவராக எத்தனை பேரைப் பார்த்துக்கொள்கிறார் என்பதை நீங்கள்தான் எண்ண வேண்டும்.

மற்ற கேள்விகள்:

பாராசெயிலிங்கும் இதுவும் ஒன்றா? இல்லை. அதில் படகு இழுக்கும், நீங்கள் பயணி. இதில் நீங்களே ஓட்டுநர்.

கோவளம்? அலை ஏறும் சர்ஃபிங்குக்குப் பேர்போன இடம். அந்த அலையே பட்டம் பழகுகிறவருக்குத் தொல்லை. பக்கத்தில் முட்டுக்காட்டில் அலை இல்லை, படகுகள் உண்டு.

ஏரியில்? கரை மரங்களைத் தாண்டி வரும் காற்று சுழன்று வரும். வேண்டாம்.

பட்டத் துணி பட்டா? (கேட்டவர் நெசவாளர்.) செயற்கை இழை. பாவிலும் ஊடையிலும் சிறு இடைவெளிக்கு ஒரு தடித்த இழை ஓட்டிக் கட்டம் கட்டமாக நெய்வார்கள். கிழிசல் அந்தக் கட்டத்தோடு நிற்கும்.

மீனவர்களுக்கு இடைஞ்சல் இல்லையா? உண்டு, களப்பில் வலை கிடக்கும். கல்பிட்டியின் 14 தீவுகளையும் சுற்றுலாத் தலமாக்கும் திட்டத்தை "உள்ளூருக்கு வேலை" என்று சொல்லித்தான் இலங்கை அரசு கொண்டுவந்தது. எதிர்த்தவர்களும் உள்ளூர் மீனவர்களே.

ஒலிம்பிக்கில் உண்டா? 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. போட்டி நடந்தது மார்செயில். அந்தப் போட்டிப் பலகையின் அடியில் நீளமான தண்டின் முனையில் இறக்கை (ஹைட்ரோஃபாயில்) தொங்கும். இடுப்பளவு களப்பில் அது தரை தட்டும்.

மாஞ்சா தடையில் இது வருமா? வராது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் தடை செய்தது நைலான் போன்ற செயற்கை மாஞ்சாவை. ஆனாலும் இழுவையில் இருக்கும் கயிற்றைக் கையால் பிடிக்கக் கூடாது, விரல் போய்விடும்.